விறகும் விளக்கும்

ஊர்ப் பெயர்களைச் சும்மா விட எனக்கு மனம் வருவதில்லை. ரயில் நிலையத்துப் பலகை ஒன்று கண்ணில் பட்டால் போதும், இந்தப் பெயர் எப்படி வந்திருக்கும் என்று மனம் குடையத் தொடங்கிவிடும். பழவேற்காடு என்ற பெயருக்குப் பலர் பல விதமாகப் பொருள் சொல்வார்கள். அவற்றுள் எனக்குப் பிடித்தது, வேல மரங்கள் அடர்ந்த பழைய காடு என்பதுதான். அது வெள்ளைக்காரர் வாயில் புகுந்து 'புலிகாட்' என்று வெளியே வந்தது. புலிக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேல மரம் எதற்குப் பேர் போனது? நிழலுக்கா? பூவுக்கா? அடுப்புக்கு! நின்று நிதானமாக எரிந்து, கெட்டியான கங்கு விழும் மரம் அது. ஆக, அந்த ஊரின் பெயரிலேயே விறகு இருக்கிறது.

வேடிக்கைக்காக நான் இதைச் சொல்லவில்லை. சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டின் கடைசி மூலையில், சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலேயே பெரியதென்று சொல்லப்படும் உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது. அந்தத் தென்கோடியில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் மீனவர் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் சரித்திரத்தை விறகு, எண்ணெய், மின்சாரம் என்ற மூன்று சொற்களில் எழுதிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ராஜாக்களின் சரித்திரம் பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். ராத்திரியில் ஒரு வீட்டில் எது எரிந்தது, அது எங்கிருந்து வந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், அதுவும் ஒரு சரித்திரம்தான்.

ஒல்லாந்தர் பழவேற்காட்டுக்கு வந்தது 1610-இல். 1613-இல் கெல்டிரியா என்று பெயரிட்டு அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். பிறகுதான் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். இன்று கோட்டை மண்மேடு. மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம்தான் மிச்சம். அவர்கள் வாங்கிய துணியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அங்கே ஒரு வெடிமருந்துச் சாலையும் நடத்தினார்கள் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். வெடிமருந்துக்கு வெடியுப்பும் கந்தகமும் வேண்டும். கூடவே மரக்கரியும் வேண்டும். ஊர்ப் பெயரில் இருந்த காடு கப்பலேறிப் பீரங்கி வாய்க்குப் போன கதை இங்கே தொடங்குகிறது.

அடுத்துச் சென்னைப் பட்டணத்தின் முறை. பட்டணம் பெருக்கப் பெருக்க அடுப்புகளும் பெருகின. ஓர் ஊர் அரிசியில்லாமல் ஒரு வேளை தாங்கும். அரிசியும் இருந்து விறகு இல்லாவிட்டால் அந்த எரிச்சலைத் தாங்காது. 1806-ஆம் ஆண்டு வாக்கில் பாசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டி முடித்தார். அது பின்னர் பழவேற்காட்டு ஏரியோடு சேர்ந்து, அதற்கு அப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு ஆள் பிடித்து நகருக்குள் ஒரு பகுதியை வெட்டி வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. பஞ்சத்தில் வெட்டியவர்களின் பெயர் எதுவும் நிலைக்கவில்லை.

அந்தக் கால்வாயில் பாயும் துடுப்புமாகப் போன படகுகளில் முக்கியமான சரக்கு எது தெரியுமோ? உப்பு, நெல், அப்புறம் விறகு. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவின் காடுகளிலிருந்து சென்னை அடுப்புகளுக்கு விறகு போயிற்று. அந்தத் தீவில் வாழ்ந்த யானாதிகள் காட்டுப் பொருள்களைச் சேகரித்துக் கொடுத்து வயிறு கழுவினார்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது. எஞ்சினுக்கும் விறகு வேண்டியிருந்தது. கரையோர மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. சென்னையில் யாரோ ஒரு வீட்டில் காப்பி கொதித்தபோது, அதன் அடியில் ஏரிக்கரைச் சுள்ளி எரிந்துகொண்டிருந்தது.

இனி எண்ணெய்க்கு வருவோம்.

அதுவரை நம் வீடுகளில் எரிந்தவை ஆமணக்கும் இலுப்பையும் புங்கும். அகலில் ஊற்றித் திரி போட்டால் ஒரு மூலை தெரியும். மறு மூலை தெரியாது. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் கிணறு தோண்டிப் பூமிக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்தார். அதைக் காய்ச்சி வடித்த திரவம் சில பத்தாண்டுகளில் உலகத்தின் இருட்டையே விலைக்கு வாங்கிவிட்டது. நம் ஜனங்கள் அதற்குச் சீமை எண்ணெய் என்று பெயர் வைத்தார்கள், மண்ணெண்ணெய் என்றார்கள், சென்னைப் பக்கத்திலோ 'கிருஷ்ணாயில்' என்று பகவான் பெயரையே சூட்டிவிட்டார்கள்! கெரசின் ஆயில் என்ற வாயில் நுழையாத சொல் ஒரு தெய்வப் பெயராக மாறியதைப் போன்ற அழகான மொழிபெயர்ப்பை எந்தப் பண்டிதரும் செய்ததில்லை.

எண்ணெய் வந்தது போதாது. காற்றில் அணையாத விளக்கு வேண்டுமே! 1860-களின் இறுதியில் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் அதற்கு ஒரு வழி கண்டார். நியூயார்க்கின் டீட்ஸ் கம்பெனி அந்த விளக்கை ஊர் உலகமெல்லாம் அனுப்பிற்று. சூறாவளிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை அந்த விளக்குக்கு வைத்தார்கள். நமக்கு அது 'அரிக்கேன்' விளக்கு. அதன் இரு பக்கமும் காதுகளைப் போல் வளைந்து நிற்கும் தகரக் குழாய்களை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பிடித்துத் தூக்குவதற்கென்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவை அந்த விளக்கின் மூக்கு. சுடர் தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து நேராக இழுப்பதில்லை. இந்தக் குழாய்களின் வழியாகச் சுற்றி வரவழைத்துக்கொள்கிறது. வெளியே பேய்க்காற்று அடித்தாலும் உள்ளே வருவது ஒரு மெல்லிய மூச்சுத்தான். புயல் கரையில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் என்ன வேண்டும்?

டின்னின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எண்ணெய் தகர டின்களில் அடைத்துக் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. 1892-இல் லண்டன் வியாபாரி மார்க்கஸ் சாமுவேல், டின் எதற்கு என்று, கப்பலின் வயிற்றிலேயே எண்ணெயை நிரப்பிச் சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். எண்ணெய் மலிவுதான்; ஆனாலும் வியாபாரம் படுத்துக்கொண்டது. காரணம், ஜனங்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டியிருந்தது! தண்ணீர் எடுக்க, தானியம் அளக்க, கூரை வேய, எல்லாவற்றுக்கும் டின். கடைசியில் சாமுவேலும் தகரம் அனுப்பி, சிவப்பு டின் செய்து, அதில் ஊற்றி விற்க வேண்டியதாயிற்று. ஏழை வீட்டில் ஒரு பொருள் ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டு ஓய்வு பெற முடியாது என்பது லண்டனில் தெரிந்திருக்கவில்லை.

பெரிய திருவிழாக்களுக்கென்று பெட்ரோமாக்ஸ் வந்தது. ஜெர்மானியச் சரக்கு. அதன் வெள்ளை வலை போன்ற 'மேண்டில்' தோரியம் என்ற பொருளால் ஒளிர்வது. 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் தோரியம் தரும் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. நம் கடற்கரை மணல் ஜெர்மனிக்குப் போய், விளக்கு வலையாகி, நம் ஊர் அம்மன் ஊர்வலத்துக்கே திரும்பி வந்தது! அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து வேறொன்றும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. பட்டணத்தின் எண்ணெய் வீடு வீடாக எரியாமல் ஒரே இடத்தில் எரிந்தது அன்றுதான். 1942-இல் பர்மாவை ஜப்பான் பிடித்தபோது எண்ணெய்க்கே பஞ்சம் வந்தது. அகல் விளக்குகள் மறுபடியும் மாடத்துக்கு வந்தன. விளக்குச் சரித்திரம் ஒரே திசையில் நடப்பதில்லை என்பதற்கு அது ஒரு பாடம்.

மூன்றாவது அத்தியாயம் மின்சாரம். சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. கிராமங்களுக்குக் கம்பி போனது பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1957-இல் மின்சார வாரியம் ஏற்பட்டது. 1970-இல் எண்ணூரில் அனல் மின்நிலையம் புகை விடத் தொடங்கியது. 2017-இல் அது மூடப்பட்டது. அதற்குள் 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையமும், அதன் பின் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் வந்துவிட்டன. இவை எங்கே இருக்கின்றன என்று படத்தில் பாருங்கள்: பழவேற்காட்டுக்குத் தெற்கே, மீனவர்கள் வலை வீசிய அதே உப்பங்கழிகளின் ஓரத்தில். நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததைப் பற்றி அங்கே உள்ளவர்கள் பேசாத நாள் இல்லை. வடக்கே பார்த்தாலோ, விறகு கொடுத்த ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ராத்திரியில் ஒன்று கிளம்பினால் ஏரித் தண்ணீர் பொன்னாகிவிடும்.

தெற்கே மின்சாரம் பிறக்கிறது. வடக்கே நெருப்பு வானேறுகிறது. நடுவே இருக்கும் குப்பத்தில் கார்த்திகை மாதத்து மழைக்காற்று கொஞ்சம் பலமாக அடித்தால், விளக்கு அணைந்துவிடுகிறது.

நமக்குக் குளிர்காலம் என்றால் உறைபனி இல்லை, புயல். ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக் கடலுக்குப் பித்துப் பிடிக்கும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிக்கோட்டாவுக்கு அருகே ஒரு கடும்புயல் கரையேறியது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தது. சென்னை நகரத்திலேயே பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பச் சில நாட்கள் பிடித்தன. வெளியூர்க் கிராமங்கள் அதற்கும் பின்னால்தான். 2018 நவம்பரில் தெற்கே கஜா அடித்தபோது மின்கம்பங்கள் லட்சக் கணக்கில் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆந்திரக் கரைக்குப் போகும் வழியில் சென்னையை முக்கிவிட்டுப் போயிற்று. அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து ஆலையிலிருந்து எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழியில் பரவி வலைகளிலும் படகுகளிலும் ஒட்டிக்கொண்டது. விளக்குக்கு எண்ணெய் இல்லாத நாட்களில் தண்ணீரெல்லாம் எண்ணெய்!

புயல் இல்லாத நாளிலும் உப்புக்காற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கம்பிகளைத் தாங்கும் பீங்கான் குமிழ்களில் உப்புப் படிந்து, தூறல் பட்டதும் மின்சாரம் அதன் வழியே கசிந்து பொறி பறக்கும். இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். கம்பம் சாய்ந்துவிட்டாலோ, பழுது பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. துணை மின்நிலையத்திலிருந்து தொடங்கி, ஆஸ்பத்திரி, குடிநீர், பெரிய ஊர் என்று பார்த்துக்கொண்டு, கம்பியின் நுனிக்குக் கடைசியாக வருவார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது. கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி நிற்பவர்களும் மனிதர்கள்தானே. ஆனால் குப்பம் எப்போதும் கம்பியின் நுனியில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் அப்படி ஒரு குப்பத்தில் மழைக்கு ஒதுங்கினேன். லைட்ஹவுஸ் குப்பம் என்றே ஓர் ஊருக்குப் பெயர் இருக்கும் பகுதி அது. அன்று மாலை சுற்று வட்டாரம் முழுவதும் இருட்டு. ஒரு திண்ணையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு கிழவி உட்கார்ந்து அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புச் சாம்பலை ஒரு கந்தலில் தொட்டு, உள்ளே கையை விட்டுச் சுழற்றி, பிறகு உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. திரியின் கருகிய நுனியை நேராகக் கத்தரித்தாள். கோணலாகக் கத்தரித்தால் சுடர் ஒரு பக்கம் கொம்பு முளைத்துக் கண்ணாடியைக் கரியாக்கிவிடும்.

"கரன்ட் எப்போ வரும் ஆயா?" என்று கேட்டேன்.

"வரும் வரும்னு சொல்லுவாங்க தம்பி. இது வரேன்னும் சொல்லாது, போறேன்னும் சொல்லாது. இங்கியே கெடக்கும்" என்று விளக்கைக் காட்டினாள்.

உள்ளே மருமகள் சமைத்துக்கொண்டிருந்தாள். எரிவாயு அடுப்பு ஒரு பக்கம் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. மின்சாரம் போனால் அது ஏன் தூங்க வேண்டும்? வெள்ளம் வந்தால் சிலிண்டர் வண்டி வராது; இருக்கும் சிலிண்டரை எத்தனை நாள் ஓட்டுவது என்ற கணக்கு. அதனால் ஒரு தகர டின்னைப் பக்கவாட்டில் வெட்டி, உள்ளே களிமண் பூசிச் செய்த அடுப்பில் சோறு கொதித்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் அந்த அடுப்பைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொள்ளலாம். அடுப்புக்கு நேர்மேலே பரணில் சவுக்கு மிலாறும் வேலிக்காத்தான் கட்டையும் அடுக்கியிருந்தன. இன்றைய புகை நாளைய விறகை உலர்த்துகிறது. சாமுவேல் துரையின் டின்னுக்கு இன்னும் ஓய்வில்லை!

"எல்லாம் இருக்குது தம்பி, எண்ணெதான் இல்ல" என்றாள் கிழவி. "ரேசன்ல ஊத்தறதே நின்னு போச்சு. பையன் படகு மோட்டாருக்கு வாங்கறதுல ஒரு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன். அவனுக்குத் தெரியாது" என்று சிரித்தாள்.

அவள் சொன்னதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 2016 முதல் மத்திய அரசு ரேஷன் மண்ணெண்ணெயின் விலையைச் சிறுகச் சிறுக ஏற்றி வந்தது. 2020-க்குள் மானியம் நின்றது. மாநிலங்களுக்குக் கொடுக்கும் அளவும் வருஷா வருஷம் குறைந்தது. எல்லா வீட்டுக்கும் மின்சாரமும் எரிவாயுவும் வந்துவிட்ட பிறகு மண்ணெண்ணெய் எதற்கு என்பது வாதம். நியாயமான வாதம்தான். அடுப்புப் புகையைப் புகழ்ந்து பாட எனக்கும் ஆசையில்லை. அது எத்தனை பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் தின்றிருக்கிறது! 1953-லேயே எஸ். பி. ராஜு என்ற பொறியியலார், புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது சென்னையில்தான் அச்சாயிற்று. முப்பது வருஷம் கழித்து 1983-இல்தான் புகையில்லா அடுப்புக்கு நாடு தழுவிய திட்டம் வந்தது. கவிழ்ந்த சிம்னி விளக்கால் எரிந்த குடிசைகளுக்கும் கணக்கில்லை. ஆகவே புதியது வந்தது நல்லதே. வருஷத்தில் முந்நூற்று ஐம்பது நாள் வேலை செய்யும் ஏற்பாட்டைச் செய்தவர்கள், மிச்சமுள்ள பதினைந்து நாளுக்கு அந்தக் கிழவி என்ன செய்வாள் என்று யோசித்தார்களா என்பதுதான் என் கேள்வி. அந்தப் பதினைந்து நாளும் மார்கழிக்கு முன்னும் பின்னும் சேர்ந்தாற்போல் வருகின்றன.

இங்கே ஏரிக்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டமுள்ள இடம் என்றால் வலை நிறையும். ஒதுங்கிய இடம் என்றால் கூடை நனையாது. ஆகவே கம்பு நட்டு வலை கட்டும் இடங்களைக் குப்பங்கள் தமக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவன் மற்றொரு நாள் மோசமான இடத்துக்குப் போக வேண்டும். கடைசியில் இருந்தவன் முதலுக்கு வருவான். இந்த முறைக்குள் சேர்க்கப்படாத மீனவர்களும் ஏரியில் உண்டு. அவர்களுடைய மனக்குறை பெரியது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் இந்த வழக்கத்தின் உள்ளே ஓர் அடிப்படை நியாயம் இருக்கிறது: எவனும் எப்போதும் கடைசியாக இருக்கக்கூடாது.

மின்கம்பிக்குப் பாடு கிடையாது. அதில் கடைசி என்றால் என்றைக்கும் கடைசி. விறகு கொடுத்த காலத்திலும், கழியோரத்தில் மின்நிலையத்துக்கு இடம் கொடுத்த காலத்திலும் முதல் வரிசையில் நின்ற கரை, வெளிச்சம் வாங்கும்போது மட்டும் கடைசி வரிசையில் நிற்கிறது.

இதற்கு வழியே இல்லையென்று சொல்ல முடியாது. கடலூர், நாகப்பட்டினம் முதலிய கரையூர்களில் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கும் வேலை நடந்திருக்கிறது. ஒரே முனையிலிருந்து மின்சாரம் போகாமல் இரு முனையிலிருந்தும் போகும்படி இணைத்தால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் கை கொடுக்கும். பள்ளிக்கூட மாடியிலோ புயல் பாதுகாப்புக் கட்டடத்திலோ சூரிய ஒளித் தகடும் மின்கலமும் வைத்தால், குப்பத்துக்கு ஒரு விளக்காவது, செல்போனுக்கு உயிர் கொடுக்க ஓர் இடமாவது மிஞ்சும். புயல் மாதங்களுக்கு மட்டுமாவது வீட்டுக்கு இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் கொடுத்தால் கஜானா கவிழ்ந்துவிடாது. இவை யாவும் ராக்கெட் விடுகிற தேசத்துக்குப் பெரிய வித்தைகளா?

தமிழில் 'பாடு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஏரிக்காரர்களுக்கு அது முறை. மற்ற எல்லோருக்கும் அது துன்பம். முறை தவறாமல் வருகிற இடத்தில் துன்பத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். முறையே இல்லாத இடத்தில் மிஞ்சுவது இரண்டாவது பொருள்தான். அடுத்த கார்த்திகையிலும் காற்று அடிக்கும்; கம்பமும் சாயும். அன்றைக்கு அந்தக் கரையில் சாம்பலால் துடைத்த கண்ணாடிக்குள் ஒரு சுடர் எரிந்தால், அது அந்தக் கிழவியின் கெட்டிக்காரத்தனம். பத்தாம் நாளும் அதுவே எரிந்துகொண்டிருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.